கொடிக்கு வயது உண்டு, நட்டவருக்குப் பெயர் இல்லை

ஒயினைப் பற்றி நாம் ஏன் எழுத வேண்டும்? நம்மூரில் ஒயின்ஷாப் என்றாலே பிராந்தி விற்ற கடைதான். ஆனால் தென்னாப்பிரிக்க ஒயினை இன்று உலகச் சந்தையில் எப்படி விற்கிறார்கள் என்று பாருங்கள். நமக்கு நன்றாகத் தெரிந்த தந்திரம் அது.

இப்போது ஒயின் வாங்குகிறவர்கள் கதை கேட்கிறார்கள். எந்த மண், எந்தச் சரிவு, பூச்சிமருந்து அடித்ததா, கொடிக்கு எத்தனை வயது? பழைய கொடி குறைவாகக் காய்க்கும், சுவை அடர்த்தியாக இருக்கும் என்கிறார்கள். இருக்கட்டும், அதில் நமக்குச் சண்டை இல்லை. 35 வயதைத் தொட்ட தோட்டங்களின் ஒயினுக்கு 2018 முதல் அங்கே தனிப் பாரம்பரிய முத்திரை உண்டு. கொடி நட்ட ஆண்டு புட்டியின் மேலேயே அச்சாகிறது.

கணக்குப் போடுங்கள். முத்திரை வந்தபோது அதற்குத் தகுதி பெற்ற கொடிகள் எல்லாம் 1983லோ அதற்கு முன்போ நடப்பட்டவை. பெரும்பாலும் நிறவெறி ஆட்சிக் காலத்தில். நட்டவர்கள் யார்? 'கலர்ட்' என்று அந்த அரசு முத்திரை குத்திய மக்களும் கறுப்பின மக்களும். கூலியில் ஒரு பங்கை மதுவாக ஊற்றினார்கள். 'டொப்' என்று அதற்குப் பெயர். காலையில் ஒரு குவளை, நடுவில் சில, மாலையில் ஒன்று. விற்காத மட்ட ஒயின். 1960களில் சட்டம் தடுத்தும் 1990கள் வரை பல பண்ணைகளில் தொடர்ந்தது. தாயின் வயிற்றிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் மேற்குக் கேப்பின் ஒயின் வட்டாரங்களும் உண்டு. குடிக்க வைத்தவனே பிறகு சொன்னான்: "இந்த ஜனங்களே குடிகாரர்கள்." இந்த வசனத்தை நம் சேரிகளைப் பார்த்துச் சொல்லி நாம் கேட்டதில்லையா?

இன்னொரு உறவும் உண்டு. கேப்பில் முதல் திராட்சை மது பிழிந்தது 1659இல். அந்தக் குடியேற்றத்துக்கு டச்சுக் கம்பெனி அடிமைகளைக் கொண்டுவந்த இடங்களில் நம் சோழமண்டலக் கரையும் ஒன்று. அந்தத் தோட்டங்களின் வரலாற்றில் நம் கரையின் மனிதர்களும் கிடக்கிறார்கள். எந்த லேபிளிலும் அவர்கள் இல்லை.

கொடி கிழடானால் விலை ஏறுகிறது. தொழிலாளி கிழடானால்? பண்ணை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். முதியவர்களைக் காக்க 1997இல் சட்டம் வந்தது, வெளியேற்றம் நிற்கவில்லை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2011இல் வெளியிட்ட அறிக்கை இதையும், வயலில் கழிப்பறையும் குடிநீரும் இல்லாததையும், சங்கம் சேரவிடாமல் தடுப்பதையும் எழுதியது.

"அதற்குத்தான் நியாய வணிக முத்திரை இருக்கிறதே" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். இருக்கிறது, சில பண்ணைகளில் பயனும் தந்திருக்கிறது. ஆனால் கூலியை உயர்த்தியது எது? 2012 இறுதியில் டி டோர்ன்ஸ் என்ற ஊரில், சாப்பிடும் திராட்சை பறிக்கும் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒயின் தோட்டங்களுக்கும் பரவியது. நாளுக்கு 69 ராண்ட் வாங்கியவர்கள் 150 கேட்டார்கள். நெடுஞ்சாலையை மறித்தார்கள், உயிர்களையும் இழந்தார்கள். 2013 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி 105 ஆனது. அதைத் தந்தது புட்டியில் ஒட்டிய எந்த முத்திரையும் அல்ல.

மலிவு ஒயின் பக்கம் நிலைமை இன்னும் மோசம். தென்னாப்பிரிக்க ஏற்றுமதியில் பாதிக்கு மேல் புட்டியில் அடைக்காமல் மொத்தமாகவே கப்பலேறுகிறது. அதில் ஒரு பகுதியை ஐரோப்பியப் பேரங்காடிகள் தங்கள் பெயரை ஒட்டி விற்கின்றன. அவர்கள் சில காசு அடித்துப் பேசினால் பண்ணையார் யார் தலையில் கைவைப்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

இதை மாற்ற முடியாது என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2016இல் 'பிட்டர் கிரேப்ஸ்' என்ற ஆவணப்படம் வந்ததும் டென்மார்க்கின் சில பேரங்காடிகள் சில ஒயின்களைத் தட்டிலிருந்து எடுத்தன. சுவீடனில் ஒயினைச் சில்லறையாக விற்பது கிட்டத்தட்ட முழுக்க ஒரே அரசு நிறுவனம், சிஸ்டெம்போலாகெட். எந்த மீனோடு எந்த ஒயின் சேரும் என்று எழுத லேபிளின் பின்பக்கத்தில் இடம் இருக்கிறது. இந்த ஆண்டு பறித்தவருக்கு நாள் கூலி எவ்வளவு, பண்ணையில் சங்கம் உண்டா என்று இரண்டு வரி சேர்க்காத புட்டியை வாங்க மாட்டோம் என்று அந்த ஒரு நிறுவனம் சொன்னால் போதும், அடுத்த அறுவடைக்குள் பண்ணையார்கள் எழுதிக் கொடுப்பார்கள்.