இரு வயல் உழுத அறிஞர்

ஒரு துறையிற் பல ஆண்டு பயின்ற பிள்ளை வேறொரு துறைக்கு மாறிச் செல்லும்போது, "இதுவரை கற்றதெல்லாம் வீணாயிற்றே" என்று பெற்றோர் மனம் வருந்துவதை நாம் அடிக்கடி காண்கின்றோம். அவர்களுடைய கவலை பொருளற்றதன்று. ஆயினும் அவர்கள் அறிந்துகொள்ளத்தக்க வரலாறொன்றுண்டு. அது அலன் வோல்ஷ் என்னும் பௌதிக அறிஞரின் ஆராய்ச்சி வரலாறு.

வோல்ஷ் 1916ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லங்காஷயர்ப் பகுதியிற் பிறந்தவர். மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்திற் கற்றவர். 1939 முதல் 1946 வரை உலோக ஆராய்ச்சிச் சங்கமொன்றிற் பணியாற்றினார். உலோகத்தை மின்னாற் சூடேற்றி, அது வெளிவிடும் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, எந்த மூலகம் எவ்வளவு உண்டென்று காண்பதே அங்கு அவருடைய துறை. 1946இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகருக்குச் சென்று, அந்நாட்டு அரசாங்க ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். அங்கே வேலை நேர்மாறானது: கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ்க் கதிர்களைச் செலுத்தி, மூலக்கூறுகள் அவற்றுள் எவற்றை உறிஞ்சுகின்றன என்று அளப்பது.

முன்னைய ஏழாண்டும் அணுக்கள் கொடுக்கும் ஒளியை அளந்தார். பின்னைய ஆறாண்டும் மூலக்கூறுகள் எடுக்கும் ஒளியை அளந்தார். 1952ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருக்கையில் அவருள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. அணுக்களுக்கு ஒரு முறை, மூலக்கூறுகளுக்கு வேறொரு முறை என்று ஏன் வகுத்துக்கொண்டோம்? அணுக்கள் உறிஞ்சும் ஒளியை அளந்தால் என்ன?

அணுக்கள் ஒளியை உறிஞ்சும் என்பது புதிய செய்தியன்று. சூரிய நிறமாலையிற் காணும் கருங்கோடுகள் அவ்வாறு விளைந்தவை என்று கிர்க்கோவ் 1859இலேயே விளக்கியிருந்தார். வானநூலார் அதனைத் துணைக்கொண்டு விண்மீன்களை ஆராய்ந்தனர். இரசாயன ஆய்வுகூடத்திலோ, பாதரச ஆவியை அளத்தல் போன்ற சிறு பயன் தவிர, அவ்வழி கவனிப்பாரற்றுக் கிடந்தது.

அதன் பெறுமதியை ஓர் எண் காட்டும். 2000 கெல்வின் வெப்பமுள்ள சுவாலையிலே சோடிய அணுக்கள் இருக்குமாயின், தமக்குரிய மஞ்சள் ஒளியைத் தரத்தக்க நிலையில் நிற்பது ஏறக்குறைய 1,00,000இல் ஒன்று மாத்திரமே. நாகத்திலோ அதனினும் மிகமிகக் குறைவு. தேர்த் திருவிழாவிலே பாடுகின்ற சிலரின் குரலைக் கேட்டுக் கூட்டத்தை மதிப்பிடுவது போன்றது சுவாலையின் ஒளியை அளக்கும் பழைய முறை. சூடு சற்றே மாறினாலும் பாடுவோர் தொகை பெரிதும் மாறிவிடும். வாய்திறவாது நிற்கும் ஏனைய அணுக்களோ ஒளியை உறிஞ்ச வல்லவை. வோல்ஷ் எண்ண விரும்பியது அப்பெருங் கூட்டத்தையே.

மறுநாட் காலைத் தேநீர் வேளைக்குள், சோடிய விளக்கின் ஒளியைச் சுவாலையினூடாகச் செலுத்தி, அங்குள்ள சோடியம் அவ்வொளியைக் குறைப்பதைக் கண்டுவிட்டார். உடன் பணியாற்றிய ஜோன் வில்லிஸ் என்பவருக்குக் காட்டினார், அவர் வியந்தாரில்லை. 1954இல் மெல்பேணிற் காட்சிக்கு வைத்தபோதும் கருவியைக் கவனித்தார் சிலரே. 1955இல் வோல்ஷின் கட்டுரை வெளியாயிற்று. அதே ஆண்டில் நெதர்லாந்து அறிஞர் இருவரும் இம்முறையைத் தாமாகவே கண்டு வெளியிட்டனர் என்பதையும் சொல்லுதல் நீதியாகும்.

நாகத்தை அளக்க நாகத்தாலான விளக்கு, ஈயத்தை அளக்க ஈயத்தாலான விளக்கு என்பது இம்முறையின் சூட்சுமம். ஒரு மூலகத்தின் விளக்கு தருகின்ற ஒளியை அதே மூலகத்தின் அணுக்களே சிறப்பாக உறிஞ்சும். ஆதலால் பல பொருள் கலந்த கரைசலிலும் தேடிய ஒன்றைப் பிரித்தறியலாம். 1958இல் பயிர்களிலுள்ள நாகம் இவ்வாறு அளக்கப்பட்டது. 1959இல் இரத்தத்திலுள்ள மகனீசியத்தை அளந்து காட்டினார் ஒருவர். அவர் வேறு யாருமல்லர். முன்னர் வியவாதிருந்த வில்லிஸ்தான்! பின்னர் மண், குடிநீர், கனிப்பொருள் ஆகியவற்றை ஆராய்வோரும், ஈய நஞ்சு உடலிற் சேர்ந்துள்ளதோ என்று இரத்தத்தைச் சோதிப்போரும் இம்முறையை உலகெங்கும் கைக்கொண்டனர். வோல்ஷ் 1969இல் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார், 1977இல் சேர் பட்டம் பெற்றார், 1998இல் மறைந்தார்.

முன்னைய துறையிலேயே நின்றிருந்தால் அந்த வினா அவருக்கு எழுந்திருக்குமோ என்பது ஐயமே. பின்னைய துறையை மாத்திரம் அறிந்திருந்தாலும் அவ்வாறே. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அகல உழுவதிலும் ஆழ உழு என்பது நம் முன்னோர் மொழி. வோல்ஷ் உழுதது இரு வயல். இரண்டையும் ஆழ உழுதார். துறை மாறும் பிள்ளையைப் பார்த்து, "ஏன் மாறினாய்?" என்று கடிந்துகொள்ளுமுன், "விட்டு வந்ததை நன்றாகக் கற்றாயா?" என்று பெற்றோர் கேட்பாராக. கற்றேன் என்று நெஞ்சறியச் சொல்லக்கூடிய பிள்ளையை அவன் வழியிற் செல்லவிடலாம்.