எழுத்தைப் படிக்கும் எந்திரம்

ஏட்டை அச்சிடுவோருக்கு வேலி உண்டு. ஏட்டைப் படிக்கும் எந்திரத்துக்கு வேலி எங்கே? வெளிநாட்டார் இங்கே செய்தித்தாள் நடத்தலாகாதென 1955-இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. 2002-இல் 26 விழுக்காடு வரை அந்நிய மூலதனத்துக்குக் கதவு திறந்தது. அதற்கும் அரசின் ஒப்புதல் வேண்டும். 2019-இல் இணையச் செய்திக்கும் அதே வரம்பு. மென்பொருளுக்கோ பொதுவாக முன் ஒப்புதலின்றியே 100 விழுக்காடு! அச்செழுத்தின் படத்தைக் கணினி எழுத்தாக்கும் எந்திரமும் மென்பொருள்தானே?

மூலதனம் வரட்டும்; மறுப்போர் அல்லர் நாம். ஆனால் தோழர்களே, நம் பழம் ஏடுகளின் திறவுகோல் எவர் கையில் இருப்பது? ஹியூலெட்-பேக்கார்ட் உருவாக்கிய ‘டெசராக்ட்’ 2005-இல் மூலநிரலோடு பொதுவில் வந்தது. இன்று தமிழையும் படிக்கிறது. எவரும் பூட்ட முடியாத அத்தகைய எந்திரத்தை அரசு வளர்க்கட்டும். பொதுப்பணத்தில் எழுத்தாகும் ஏடு பொதுவிலேயே நிற்க விதி செய்யட்டும். வேலி மூலதனத்துக்கு மட்டுமன்று, விளைச்சலுக்கும் வேண்டும்!