ஓடை மண் சொல்லும் தங்கச் சேதி

நீலகிரி மாவட்டத்தில் தேவாலா, பந்தலூர் என்ற ஊர்கள் இருக்கின்றன. 1880-ம் ஆண்டில் இந்தப் பக்கத்துத் தங்கத்தைப் பற்றி லண்டன் மாநகரிலேயே பேச்சாகக் கிடந்தது. கம்பெனிகள் முளைத்தன. பங்குகள் பறந்தன. கப்பலில் இயந்திரங்கள் வந்தன. பாறையை உடைத்து அரைத்துப் பார்த்தார்கள். கிடைத்த தங்கம் செலவுக்குக் கட்டவில்லை. சில ஆண்டுகளில் கம்பெனிகள் கதவைச் சாத்தின. பணம் போட்டவர்கள் தலையில் துண்டு!

தங்கம் இருந்தது பொய்யல்ல. ஓடை மணலை மரத்தட்டில் அலசிப் பொடித் தங்கம் எடுத்தவர்கள் அதற்கு முன்பே அங்கு உண்டு. எங்கே, எவ்வளவு என்று பாராமல் பணத்தைக் கொட்டியதுதான் தவறு.

இன்று அதைப் பார்க்க வழி இருக்கிறது. வழி காட்டுவது அதே ஓடைதான்.

மழையில் பாறை கரைகிறது. அதன் தூள் ஓடையில் இறங்குகிறது. பாறையில் தங்கம் இருந்தால் வண்டலிலும் அதன் சாயல் இருக்கும். ஆய்வாளர்கள் ஓடைகள் கூடும் இடங்களில் மண் எடுக்கிறார்கள். எந்தக் கிளையில் தங்கம் கூடுதலோ, அந்தக் கிளையைப் பிடித்து மேலே ஏறுகிறார்கள். ஓர் இடத்துக்கு மேல் சுவடு நின்றுவிடும். அப்படியானால் சரக்கு அந்தச் சரிவில்தான்!

மோதிரம் கூடாது

அவர்கள் தேடும் அளவைக் கேட்டால் வியப்பாக இருக்கும். நூறு லாரி மண்ணில் ஒரே ஒரு கிராம் தங்கம் கலந்திருந்தாலும் சோதனைச் சாலையில் தெரிந்துவிடும். அதனால் மண் அள்ளப் போகிறவர் விரலில் தங்க மோதிரம் போடக் கூடாது. அதன் தேய்மானமே கணக்கைக் கெடுத்துவிடும்!

ஒரு சிட்டிகை மண்ணும் போதாது. அதில் தற்செயலாக ஒரு பொடித் தங்கம் விழுந்தால் மலையே தங்கம் என்று தோன்றும். ஆகவே கிலோக்கணக்கில் மண் எடுத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துப் பார்க்கிறார்கள். கூடவே செம்பு, ஆர்சனிக் போன்றவற்றையும் அளக்கிறார்கள். தங்கம் இருக்கும் இடத்தில் இவையும் பல வேளை சேர்ந்திருக்கும்.

இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் இப்படித்தான் ஓடை மண்ணைத் தொடர்ந்து போய், 1990-ல் பத்து ஹிஜாவ் என்னும் பெரிய செம்பு-தங்கப் படிவைக் கண்டார்கள். முதலில் மண், பிறகு பாறை, அப்புறம்தான் துளை. பத்து ஆண்டு கழித்தே, 2000-ல், சுரங்கம் வேலை தொடங்கியது.

தேவாலாவில் பழைய சுரங்கக் குழிகள் புதருக்குள் இன்னும் கிடக்கின்றன. பிழைப்புக்கு வழியில்லாத சிலர் திருட்டுத்தனமாக அதில் இறங்குகிறார்கள். மண் சரியலாம். காற்றில்லாமல் மூச்சு முட்டலாம். குழிகளை மூடுவதும் அவர்களுக்கு வேறு வேலைக்கு வழி செய்வதும் அரசின் கடமை.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஓடை மண்ணைச் சோதித்து வருகிறது. நல்ல காரியம். முடிவை நாலு வரித் தமிழில் எழுதி, அந்தந்தப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டினால் என்ன? தங்கம் இல்லை என்றால், இல்லை என்றே எழுதட்டும்.