யாருக்கு எந்த வண்டி, எந்த வண்டிக்கு எந்தப் பாதை?

கேள்வி: நீலகிரி மாவட்டம் கேத்தி பாலாடா பக்கம் கேரட், முட்டைகோஸ் பயிரிடும் விவசாயிகள் சிலர் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். குழுவுக்குப் பொதுவாக ஒரு டாடா ஏஸ், ஒரு பொலேரோ பிக்கப், ஒரு 14 அடி லாரி. டிரைவர்கள் மூன்று பேர். முதலில் வருபவர் கைக்குக் கிடைத்த சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் வழக்கம். சமவெளியில் இருந்து புதிதாக வந்த டிரைவர், லாரியில் கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும்போது பர்லியார் அருகே பிரேக் கருகும் வாடை வந்து, பெடல் அடிவரை போய்விட்டதாம். மலைப்பக்கமாக அணைத்து நிறுத்தியதால் உயிர் தப்பினார். குறை வண்டியிலா, ஆளிடமா?

பதில்: வண்டியையும் ஆளையும் பாதையையும் ஜோடி சேர்த்ததில்தான் குறை. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். 14 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த இறக்கம் முழுவதையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் கொதிக்கும், லைனர் பிடிப்பை இழக்கும். மலையிலேயே ஓட்டிப் பழகியவர் இரண்டாவது கியரில் இன்ஜினைக் கொண்டே வண்டியை அடக்கி, பிரேக்கை விட்டுவிட்டுத் தொடுவார். சமவெளியில் பத்து வருடம் லாரி ஓட்டியவருக்கும் இது தானாக வந்துவிடாது. லோடு இல்லாமலும் பிறகு அரை லோடிலும் சில நடை பக்கத்தில் பழகியவரை உட்காரவைத்து ஓட்டிய பிறகே முழு லோடு கொடுக்க வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் பழக்கம் இருந்தால், அவருக்கு மலைப்பாதையே கூடாது. இன்றைய டீசல் வண்டிகளில் அதில் மிச்சமும் இல்லை. கியரில் இறங்கும்போது டீசல் தானாகவே நின்றுவிடும்.

டாடா ஏஸ் தோட்டத்துக்கும் கேரட் கழுவும் இடத்துக்கும் நடுவே ஓடட்டும். குறுகிய தோட்டச் சாலையில் திரும்ப அதுதான் வசதி. ஆனால் முக்கால் டன் வாக்கில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பிக்கப்பில் லோடு குறைவு என்பதால், வரத்து கம்மியான நாளில் மண்டிக்கு அது போதும். லாரியை மலை பழகியவரிடம் மட்டும் கொடுக்கலாம். அதற்கு முன் ஆர்.சி.யில் மொத்த எடையைப் பாருங்கள். 7,500 கிலோவுக்குள் என்றால் இலகு ரக உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. அதைத் தாண்டினால் கனரக உரிமம் வேண்டும். அது இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் இழுபறிதான். அதிக பாரத்துக்கு 2019 சட்டத் திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதோடு கூடுதல் மூட்டையை இறக்கிவிட்டுத்தான் போக முடியும். வெயிலில் கிடக்கும் கேரட் என்ன விலைக்குப் போகும்?

சென்னைக்குப் போகும் லோடு தனிக் கணக்கு. 500 கிலோமீட்டருக்கு மேல் இரவு ஓட்டம். அதிகாலை 2 மணிக்கே எழுந்து மூட்டை ஏற்றியவரை அன்றிரவே கோயம்பேட்டுக்கு அனுப்புவது, அவர் எவ்வளவு கெட்டிக்காரர் ஆனாலும் தவறு. 2025 வரை நடப்பில் இருந்த 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்றது. சிறிய குழுவும் இதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் பழகிய அந்தச் சமவெளி டிரைவருக்கு ஏற்ற பாதை இதுதான். மேட்டுப்பாளையம் வரை மலைக்காரர் இறக்கிக் கொடுக்க, அங்கிருந்து அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

பேட்டாவையும் மாற்றியாக வேண்டும். நடைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் மலையில் வேகத்துக்குக் கூலி கொடுத்ததாக ஆகும்; நாள் கணக்கில் கொடுங்கள். அந்த லாரியின் லைனர், டிரம், பிரேக் ஆயில் மூன்றையும் பார்த்து மாற்ற வேண்டியதை மாற்றும்வரை மலையில் இறக்க வேண்டாம். ஒருமுறை கொதித்த பிரேக் ஆயில் அடுத்த இறக்கத்திலும் அதே வேலையைக் காட்டும்.