தபால்காரர் கொண்டுவந்த கையெழுத்து

மர்பி டவுனிலிருந்து சின்னசாமி ஸ்டேடியம் நாலு கிலோமீட்டர் இருக்கும். சைக்கிளில் போனால் இருபது நிமிடம். ஆனால் ஸ்டேடியத்தின் வாசலிலிருந்து ஆட்டக்காரரின் பேனா முனை வரை இருக்கும் தூரத்தை எந்த சைக்கிளாலும் கடக்க முடியாது. நடுவில் டிக்கெட் இருக்கிறது, லத்தி இருக்கிறது, யாருக்கோ வேண்டியவர்களின் பிள்ளைகள் வரிசை இருக்கிறது. 1974 நவம்பரில் பெங்களூரின் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்த நாளிலிருந்தே இதுதான் நிலைமை. விவியன் ரிச்சர்ட்சும் கார்டன் கிரீனிட்ஜும் டெஸ்டில் அறிமுகமான ஆட்டம் அது.

சுற்றி வர ஒரு வழி இருந்தது. தபால்.

அல்சூரை ஒட்டிய மர்பி டவுன், முன்பு நாக்ஸ்பேட்டை. கண்டோன்மென்ட் வெள்ளைக்காரர்களின் நிர்வாகத்தில் இருந்த காலத்தில், குடியிருப்பை அமைத்த எஞ்சினியர் மர்பியின் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த, கைவேலையை நம்பிய பகுதி. இப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒரு பையன் குண்டப்பா விஸ்வநாத்துக்குக் கடிதம் எழுதினால், அதன் மேல் ஒட்டிய தபால்தலைக்கும் பெரிய பங்களாவிலிருந்து வந்த கடிதத்தின் தபால்தலைக்கும் மதிப்பு ஒன்றுதான். இந்தப் பொழுதுபோக்கின் முழு நியாயமும் இதில் அடங்கிவிடுகிறது.

செய்முறை எளிது. அமெரிக்கப் பையன்களிடம் பேஸ்பால் சீட்டு இருந்தது; இங்கே அது கிடையாது. 1978ல் தொடங்கிய 'ஸ்போர்ட்ஸ்டார்' பத்திரிகையின் வண்ணப்படம்தான் நம்மவர்களின் சீட்டு. அதைக் கத்தரித்து, மடங்காமலிருக்க ஒரு அட்டைத் துண்டு வைத்து, நாலு வரி கடிதம் எழுதி, கூடவே சொந்த விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய காலி உறையையும் வைக்க வேண்டும். உறையை மறந்தால் பதிலை மறந்துவிடலாம். வழவழப்பான தாளில் பால்பாயின்ட் பேனா வழுக்கும் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் கையெழுத்துக்கென்று ஒரு வெள்ளை அட்டையையும் சேர்த்து அனுப்புவார்கள்.

விலாசம்? அந்தக் கால ஆட்டக்காரர்களுக்கு கிரிக்கெட் சோறு போடவில்லை என்பது இந்த விஷயத்தில் ரசிகர்களுக்கு வசதியாகப் போயிற்று. அஜித் வடேகர், விஸ்வநாத் போன்றவர்கள் ஸ்டேட் பாங்க் ஊழியர்கள். வங்கிக்கு எழுதினால் மேஜைக்குப் போய்ச் சேரும். இன்றைய நட்சத்திரத்துக்கு மேஜையே கிடையாது, மேனேஜர் இருக்கிறார்.

வெளிநாட்டுக்கு எழுதுவதில்தான் சிக்கல். இந்தியத் தபால்தலை ஆஸ்திரேலியாவில் செல்லாது. அதற்காக 1907ல் வந்த ஏற்பாடுதான் சர்வதேச பதில் கூப்பன். இங்கே வாங்கிக் கடிதத்தோடு அனுப்பினால் அங்கே அதைக் கொடுத்துத் தபால்தலை பெற முடிந்தது. (இந்தக் கூப்பனை ஒரு நாட்டில் மலிவாக வாங்கி மறு நாட்டில் மாற்றி லாபம் தருவதாகச் சொல்லித்தான் 1920ல் பாஸ்டனில் சார்லஸ் பான்சி ஊரை ஏமாற்றினார். மோசடிகளுக்கே அவர் பெயர் நிலைத்தது.)

கூப்பனுக்குச் செலவழித்த காசு வீண் போகாத விலாசம் ஒன்று அடிலெய்டில் இருந்தது. டான் பிராட்மன் இந்தியாவில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. 1953ல் இங்கிலாந்து போகும் வழியில் அவரது விமானம் கல்கத்தாவில் இறங்கியபோது கூட்டம் திரண்டதோடு சரி. ஆனால் ஓய்வுபெற்ற பிறகு பல பத்தாண்டுகள், நாளில் பல மணி நேரம் உட்கார்ந்து, உலகெங்கிலுமிருந்து வந்த கடிதங்களுக்குத் தாமே பதில் போட்டார். 2001 பிப்ரவரியில் 92 வயதில் இறக்கும்வரை அவர் தேடாத, அவரைத் தேடி வந்த வேலை இது. பேட்டி கேட்டவர்களைத் தவிர்த்த, விழாக்களுக்குப் போகாத மனிதர், முன்பின் தெரியாத பள்ளிக்கூடப் பையனின் உறையைப் பிரித்தார். 99.94 என்ற அவரது சராசரியை விட இந்தக் கணக்குதான் வியப்பானது. ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனத்தின் தபால்பெட்டி எண் 9994 என்பது பொருத்தமான வேடிக்கை.

எல்லோரும் பிராட்மன் ஆகிவிட முடியாது. சிலர் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி அனுப்புவார்கள். சிலருக்காக உதவியாளர் கையெழுத்திடுவார். அமெரிக்காவில் இதற்கு இயந்திரமே உண்டு. ஒரே ஆளின் இரண்டு கையெழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இம்மி பிசகாமல் பொருந்துகிறதா, அது மனிதன் போட்டதல்ல. மனிதக் கை ஒரே கோட்டை இரண்டு தடவை போடாது.

பணம் நுழைந்ததும் போலிகள் பெருகின. 1952ம் ஆண்டு மிக்கி மேன்டில் சீட்டு ஒன்று 2022ல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது; அதில் கையெழுத்துகூடக் கிடையாது. 1990களில் டோனி குவின் என்ற பேஸ்பால் வீரர், தன் அணியின் கடையிலேயே தான் போடாத கையெழுத்தோடு பந்துகள் விற்பனைக்கு இருப்பதைப் பார்த்தார். பின்னர் எஃப்.பி.ஐ. பெரிய போலிக் கும்பலைப் பிடித்தது. கடையில் வாங்கிய கையெழுத்துக்குச் சான்றிதழ் தேவை. தபாலில் வந்ததற்கு உறை மேலிருக்கும் முத்திரையும், விலாசத்திலிருக்கும் தன் சொந்தக் கையெழுத்தும் போதும்.

கையெழுத்துக்கு விலை வைப்பது தவறு என்றும் சொல்லிவிட முடியாது. காந்தி ஒரு கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கினார், ஹரிஜன நிதிக்காக. விஜய் மெர்ச்சன்டின் சகோதரி லட்சுமி நீட்டிய நோட்டில், 1933-34ல் வந்த இங்கிலாந்து அணியின் பதினாறு பேர் ஒப்பமிட்ட பக்கத்தைத் தேர்ந்தெடுத்து பதினேழாவதாகத் தம் பெயரை எழுதினார். ஜார்டின் அணியில் காந்தி!

2025 ஜூன் 4 அன்று, பெங்களூர் அணி முதல்முறையாக ஐ.பி.எல். கோப்பையை வென்ற மறுநாள், ஆட்டக்காரர்களைப் பார்க்க வந்த கூட்டத்தில் சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே 11 பேர் நசுங்கி இறந்தார்கள். ஆட்டக்காரரின் முகம் ராத்திரி பகலாகக் கைபேசியில் தெரிகிற காலம் இது. ஆனாலும் அவருக்கும் தனக்கும் நடுவே ஏதோ ஒன்று நடக்க வேண்டும் என்ற ஆசை தீரவில்லை. சமூக ஊடகத்தில் கோடிப் பேரில் ஒருவராக இதயக்குறி போட்டால் அது தீராது. தபால் உறை மெதுவானது, பாதி நாள் பதிலே வராது. ஆனால் கூட்டம் சேர்க்காது.

இப்போதும் எழுதிப் பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை. உச்சத்தில் இருப்பவர்களை விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து டெஸ்ட் ஆடி ஓய்ந்தவர்களுக்கு, ஒலிம்பிக்கில் ஆடிவிட்டு ஊர் மறந்துபோன ஹாக்கிக்காரர்களுக்கு எழுதலாம். அவர்கள் வீட்டுக்கு வரும் கடிதங்கள் குறைவு, பதில் நீளமாக வரும். எந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்கிறோம் என்று தேதியோடு குறிப்பிட்டால் இன்னும் நல்லது. பெயரும் படிக்கும்படி இருக்கும். அந்தத் தலைமுறை முழுப்பெயரை எழுதக் கற்றது.