பாடத்தைப் பற்றிப் பெற்றோர் பேசக் கூடாதா?

2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம் 21-வது பிரிவின்படி சர்க்கார் பள்ளிதோறும் நிர்வாகக் கமிட்டி இருக்கிறது. முக்கால் பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இவர்களுக்குக் கொடுத்துள்ள வேலை என்ன? பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, அபிவிருத்தித் திட்டம் எழுதுவது, சர்க்கார் பணம் ஒழுங்காய்ச் செலவாகிறதா என்று பார்ப்பது. பிள்ளை எதைப் படிப்பது என்பதோ, 29-வது பிரிவுப்படி, சர்க்கார் நியமிக்கும் கல்வி நிபுணர்கள் காரியமாம். அதாவது, கூரை ஒழுகினால் தாயைக் கூப்பிடுவார்கள். புத்தகத்தில் என்ன எழுதுவதென்றால் கூப்பிட மாட்டார்கள்!

"நாற்று நடுகிறவளுக்குப் பாடத்திட்டம் என்ன தெரியும்?" என்பார்கள். தெரிந்த மேதாவிகள் செய்ததென்ன? 1953-இல் முதன்மந்திரி ஆச்சாரியார், கிராமப் பள்ளிப் படிப்பை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார். செருப்புத் தைக்கிறவரையோ, துணி வெளுக்கிறவரையோ கேட்டுக்கொண்டா செய்தார்? கேட்டிருந்தால் எவர் சம்மதித்திருப்பார்? பெருங்கிளர்ச்சி நடந்த பிறகே, 1954-இல் காமராசர் மந்திரிசபை அதை ஒழித்தது. ஊராரைக் கேட்டே தீரவேண்டும் என்ற விதி அன்றே இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளின் படிப்பு பாழாகியிராது.

ஆனால் ஒன்று. ஊர்க் கமிட்டி, ஊர்ப் பெரிய சாதிக்காரர் கமிட்டியாகிவிடவும் கூடும். சூரியனைப் பாம்பு விழுங்குகிறது என்று எழுதச் சொன்னால் ஒப்புவதா? கிரகணம் ஓட்டெடுத்துத் தீர்மானிக்கிற விஷயமல்ல. சாதி ஒழிப்பும் அப்படியே. பாடம் அரசியல் சட்டத்தின் கொள்கைக்கு இசைந்திருக்க வேண்டுமென்று அதே 29-வது பிரிவு சொல்லுகிறதே, அந்த வேலி போதும். அதற்குட்பட்டு, பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் கமிட்டியின் அபிப்பிராயத்தை எழுத்து மூலம் சர்க்கார் கேட்கவேண்டும். தள்ளினால் காரணம் சொல்லவேண்டும். அடுத்த கூட்டத்துக்குப் போகும் தோழர்கள், தாய்மார்கள் இதையே முதல் தீர்மானமாகப் போடட்டும்.