ஊர்ப் பெயருக்கு 'தி' போடலாமா?

"ஊர்ப் பெயருக்கு முன்னால் 'தி' போடக்கூடாது." ஆங்கில இலக்கண வகுப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்யும் விதி இது. காரணமும் சொல்லித் தருவார்கள். பெயர் என்றாலே ஒன்றே ஒன்றைத்தான் குறிக்கும், அதைத் தனியாகச் சுட்டிக் காட்ட வேண்டியதில்லையாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நியாயம் அல்பேனியாவில் செல்லாது!

அல்பேனிய மொழியில் 'தி'யின் வேலையைச் செய்வது சொல்லின் கடைசியில் ஒட்டும் ஒரு விகுதி. அது ஊர்ப் பெயரையும் விட்டுவைப்பதில்லை. தலைநகரின் பெயர் விகுதி இல்லாமல் 'டிரான', விகுதியோடு 'டிரானா'. துறைமுக நகரம் 'துர்ரஸ்', 'துர்ரஸி'. நாட்டின் பெயருக்கே 'ஷ்கிப்பரி', 'ஷ்கிப்பரியா' என்று இரண்டு வடிவங்கள்.

எதை எப்போது போடுவது? "டிரானா அழகான நகரம்" என்று எழுவாயாக வந்தால் விகுதி வேண்டும். "டிரானாவில் வசிக்கிறான்" என்றால் வேண்டாம், வெறும் 'டிரான' போதும். "டிரானாவிலிருந்து வருகிறான்" என்றால் மறுபடியும் 'டிரானா'. ஊர் மாறவில்லை. வாக்கியத்தில் அதன் வேலைதான் மாறியது.

ஆங்கிலத்தில் இப்படி இல்லை. எழுவாயாக வந்தாலும் சரி, வேறு எப்படி வந்தாலும் சரி, பாரிஸுக்கு 'தி' கிடையாது, நெதர்லாந்துக்கு உண்டு. நெதர்லாந்து என்றால் தாழ்ந்த நிலங்கள். அந்தப் பழைய பொதுச்சொல்லின் மிச்சம்தான் இந்த 'தி'. ஆறுகளுக்கு 'தி' உண்டு, ஏரிகளுக்குப் பொதுவாக இல்லை. இமயமலைத் தொடருக்கு உண்டு, எவரெஸ்டுக்கு இல்லை. தேம்ஸும் ஒன்றுதான், எவரெஸ்டும் ஒன்றுதான்! ஆக, 'ஒன்றே ஒன்று' என்பது காரணமே இல்லை. எல்லாம் பழக்கம்.

பழக்கம்தானே என்று விட்டுவிடவும் முடியாது. உக்ரைனை 'தி' சேர்த்துச் சொல்வது ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் சாதாரணம். 1991 இல் சுதந்திரம் அடைந்த பிறகு உக்ரைனியர்கள் அதை எதிர்த்தார்கள். தனி நாட்டை யாருடைய நிலத்திலோ ஒரு பகுதி போல அது காட்டுகிறது என்பது அவர்கள் வாதம். இன்று பத்திரிகைகள் அதை விட்டுவிட்டன. காம்பியாவோ நேர்மாறு. தன் அதிகாரப்பூர்வமான பெயரிலேயே 'தி'யை வைத்திருக்கிறது. இரண்டுமே சரிதான். பெயர் யாருடையதோ, அவர்கள் சொல்வதைக் கேட்பதுதான் மரியாதை.

அல்பேனிய மொழியில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. உக்ரைனுக்கும் பிரான்ஸுக்கும் ஒரே விதி. விகுதி வரும், போகும். யாருடைய கௌரவமும் அதில் மாட்டிக்கொள்வதில்லை.

தமிழில் 'தி' போல ஒன்று இல்லாததால் நம் மாணவர்கள் இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். பொய்யான காரணத்தைச் சொல்லி, பிறகு பத்து விதிவிலக்குகளைக் காட்டி அவர்களைக் குழப்புவானேன்? "இது ஆங்கிலத்தின் பழக்கம், பட்டியலைப் பார்த்துப் பழகிக்கொள்" என்று நேராகச் சொல்லிவிடலாமே!